சிம்கோ பேர்ச்சும் கவார்தா பாஸும்: எந்த லூர், எப்படி இழுப்பது

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். போன கோடையில் மண்புழுவும் மிதப்பும் வைத்து ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் பேர்ச் மீன் பிடித்தீர்கள். இந்த வருடம் லூருக்கு (செயற்கை இரைக்கு) மாற விருப்பம். பேர்ச்சோடு சேர்த்துக் கவார்தா ஏரிகளில் பாஸ் மீனும் பிடிக்க வேண்டும். கடையில் சுவர் முழுக்க லூர் தொங்குகிறது. எதை எடுப்பது, எடுத்ததை எப்படி இழுப்பது?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு லூரைக் கையில் எடுத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். இது எந்த ஆழத்தில் போகும்? அந்த ஆழத்தில் இதை எவ்வளவு மெதுவாக வைத்திருக்கலாம்? மீன் 6 மீற்றரில் அடியோடு நிற்கும்போது 1 மீற்றரில் ஓடுகிற லூரை நாள் முழுக்க இழுத்தாலும் பலன் இல்லை. சரியான ஆழத்தில், மீனுக்குப் பொருந்துகிற வேகத்தில் போனால் நிறம் கொஞ்சம் பிழைத்தாலும் கடிக்கும். பெட்டி நிறைய லூர் இருந்தும் வெறுங்கையோடு வருகிறவர்களில் பலர் செய்வது ஒரே பிழைதான்: எல்லா லூரையும் ஒரே வேகத்தில், அதுவும் மிக விரைவாகச் சுற்றுவது.

இரண்டு மீனும் இரை எடுக்கும் விதம் வேறு. பேர்ச் கூட்டமாகத் திரியும், பகலில் கண்ணால் பார்த்து இரை தேடும், இருட்டினால் வாயை மூடிவிடும். வாய் சின்னது. லூருக்குப் பின்னால் வந்து நின்று பார்த்து, வாலைக் கொத்தும். பாஸ் வாயைத் திறந்து தண்ணீரையே உறிஞ்சும். இரையும் அந்தத் தண்ணீரோடு உள்ளே போய்விடும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பியும் விடும். பேர்ச்சுக்கு 1.5 முதல் 2.5 அங்குலம், பாஸுக்கு 3 முதல் 5 அங்குலம் என்ற அளவு இந்த வாயிலிருந்துதான் வருகிறது.

முதலில் பேர்ச். 1/16, 1/8 அவுன்ஸ் ஜிக் தலைகளில் (ஈயத் தலையோடு வரும் கொக்கி) ஒவ்வொரு பக்கற், அதில் கொளுவ 2 அங்குல மென்பிளாஸ்டிக் இரண்டு விதம் (ஒன்று சின்ன மீன் உருவம், ஒன்று வால் சுருண்ட புழு), 1/8 அவுன்ஸில் ஒரு வெள்ளி நிற ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்). இவற்றோடு 6ஆம் அல்லது 8ஆம் இலக்கக் கொக்கியும், ட்ரொப் ஷொட்டுக்கு (ஈயம் நூல் நுனியிலும் கொக்கி அதற்கு மேலேயும் இருக்கிற கட்டு) 1/4 அவுன்ஸ் ஈயமும். பேர்ச்சுக்கு இவ்வளவும் போதும்.

ட்ரொப் ஷொட்டை ஒழுங்காகக் கட்டப் பழகினால், இந்தப் பட்டியலில் மற்றது எதுவும் இல்லாவிட்டாலும் பேர்ச் பிடிக்கலாம். 6 பவுண்ட் தங்கூசி நூலை மடித்துக் கொக்கியின் கண்ணுக்குள் விட்டு பலமார் முடிச்சுப் போடுங்கள். நுனிப்பக்கம் ஒரு 50 சென்றிமீற்றர் மிச்சம் இருக்க வேண்டும். முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நூல் பலவீனப்படும். பிறகு அந்த மிச்ச நுனியை, கொக்கியின் முனை இருக்கும் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் இன்னொரு தடவை விட்டுக் கீழே இழுத்தால், கொக்கி நூலிலிருந்து விலகி, முனை மேலே பார்த்தபடி நேராக நிற்கும். இந்தக் கடைசிப் படியை விட்டால் கொக்கி நூலோடு ஒட்டித் தொங்கும், பாதிக் கடி வீணாகும். நுனியில் ஈயத்தைக் கட்டுங்கள், கொக்கிக்கும் ஈயத்துக்கும் 30 சென்றிமீற்றர் இருக்கட்டும். பிளாஸ்டிக்கை மூக்கில் மட்டும் குத்துங்கள்.

ஈயம் அடியைத் தொட்டதும் நூலை நேராக்கி, தடி நுனியை மட்டும் மெல்ல நடுக்குங்கள். ஈயம் அசையக் கூடாது, பிளாஸ்டிக் மட்டும் நடுங்க வேண்டும். ஐந்து வினாடி நடுக்கம், ஐந்து வினாடி அசைவே இல்லை. கடி பெரும்பாலும் அந்த அசைவில்லாத நேரத்தில்தான் வரும். முதலில் நுனி “டிக்” என்று ஒரு தடவை துடிக்கும். அது வாலைக் கொத்திப் பார்ப்பது. அதற்கு இழுத்தால் வெறும் கொக்கிதான் வரும். கையை அப்படியே வைத்திருங்கள். இரண்டாம், மூன்றாம் துடிப்புக்குப் பிறகு நுனி மெல்லக் கீழே சாய்ந்து பாரம் தெரியும். அப்போது மணிக்கட்டை மட்டும் ஒரு சாண் உயர்த்தினால் போதும். பேர்ச்சின் வாயோரம் மெல்லிய தோல், பலமாக இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும்.

ஸ்பூனை நேர் கீழே இறக்கி அடியில் இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். கிளம்பும் சேற்றுப் புகையைப் பார்த்தே பேர்ச் வரும். பிறகு 30 சென்றிமீற்றர் தூக்கி, நூல் முழுதாகத் தளராமல் தடியால் பின்தொடர்ந்து விழவிட்டு நிறுத்துங்கள். முழுத் தளர்வில் விழவிட்டால் விழும்போது வரும் கடி கைக்குத் தெரியாது. பார்த்துவிட்டுக் கடிக்காமல் திரும்புகிற நாட்களில் ஸ்பூன் கொக்கியில் அரை அங்குல மண்புழுத் துண்டு ஒன்றைக் கொளுவுங்கள். லூர் என்றால் லூர் மட்டும்தான் என்று ஒரு சட்டமும் இல்லை.

ஒரு பேர்ச் ஏறியதும் பத்து வினாடிக்குள் லூர் திரும்பக் கீழே போக வேண்டும். கூட்டம் அந்த இடத்தில் இருக்கும்போதே அடுத்ததையும் எடுக்கலாம். படம் எடுத்துக்கொண்டு நின்றால் கூட்டம் நகர்ந்துவிடும். 15 நிமிடம் ஒரு கொத்தும் இல்லை என்றால் நீங்கள் நகருங்கள். எல்லாம் விரல் நீளக் குஞ்சாகவே வந்தால் அதே இடத்தில் பெரிது வரும் என்று காத்திருக்க வேண்டாம். பேர்ச் பெரும்பாலும் தன் அளவு மீன்களோடுதான் சேர்ந்து திரியும். இன்னும் இரண்டு மூன்று மீற்றர் கூடுதல் ஆழத்துக்குத் தள்ளிப் போங்கள், அல்லது சாதாளை (நீர்ச்செடி) முடிகிற விளிம்பைத் தேடுங்கள்.

இனி பாஸ். ஒன்ராறியோவில் இரண்டு பாஸ் உண்டு. இரண்டுக்கும் ஒரே லூரை ஒரே இடத்தில் எறிவதால்தான் பலர் சலித்துப் போகிறார்கள். வாய் மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போனால், உடம்பில் கிடையாக ஒரு கரும்பட்டை இருந்தால், அது லார்ஜ்மவுத். தாடை கண்ணுக்குக் கீழேயே முடிந்து, செங்குத்தாகப் பட்டைகள் இருந்தால் ஸ்மோல்மவுத். முதலாவது சாதாளை, அல்லி இலை, படகுத்துறை நிழல் என்று மறைவு தேடும். ஸ்கூகொக், ரைஸ் போன்ற ஆழம் குறைந்த ஏரிகள் அதன் வீடு. இரண்டாவது கல்லும் பாறைத்திட்டும் தேடும். சிம்கோவின் தெளிந்த தண்ணீரில் பெரியவை வளர்கின்றன.

லார்ஜ்மவுத்துக்கு ஒரே ஒரு லூர் வாங்கக் காசு இருந்தால், 5 அங்குலப் பிளாஸ்டிக் குச்சிப்புழு வாங்குங்கள். பார்க்க ஒன்றுமில்லாத, பென்சில் மாதிரியான சாமான். உப்புக் கலந்து செய்வதால் ஈயம் இல்லாமலே அமிழும்; நடுவில் கொக்கியைக் குத்தினால் அமிழும்போது இரண்டு முனையும் நடுங்கும். 1/0 அல்லது 2/0 கொக்கி. புழுவின் நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டு, கொக்கியை வளையத்துக்குள் விட்டால் ஒரு புழு நாலைந்து மீனுக்குத் தாக்குப்பிடிக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு புழு போகும்.

இதை எறிந்த பிறகு செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. படகுத்துறையின் நிழல் ஓரத்தில் விழுத்துங்கள். நூலைத் தளர்வாக விடுங்கள். நூலை இறுக்கிப் பிடித்தால் புழு நேர் கீழே விழாது, ஊஞ்சல் மாதிரி உங்களை நோக்கி வளைந்து வரும். அந்த நடுக்கமும் இருக்காது, மீன் நிற்கும் இடத்தையும் விட்டு விலகிவிடும். கண் தண்ணீரில், நூல் உள்ளே நுழையும் அந்தப் புள்ளியில் இருக்கட்டும். பாஸ் எடுக்கும்போது பெரும்பாலும் தடியில் ஒன்றும் தெரியாது. தளர்ந்து கிடக்கிற நூல் திடீரென ஒரு பக்கமாக நகரும், அல்லது ஒரு சின்னத் துள்ளல் துள்ளும், அல்லது அடியைத் தொடுமுன்னரே இறங்காமல் நின்றுவிடும். இந்த மூன்றில் எதைக் கண்டாலும் தளர்வைச் சுற்றியெடுத்துத் தடியை உயர்த்துங்கள். நல்லாக விழுங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொக்கி தொண்டைக்குள் போனால் அந்த மீனை விட்டாலும் பிழைப்பது கடினம். அடிக்குப் போயும் ஒன்றும் இல்லையா? தடியை ஒரு முழம் உயர்த்தி மறுபடி விழவிடுங்கள். இரண்டு தடவை செய்துவிட்டு எடுத்து வேறிடத்தில் எறியுங்கள்.

சாதாளை அடர்த்தியாக இருந்தால் அதே புழுவை டெக்சஸ் ரிக்காக மாற்றுங்கள். 1/4 அவுன்ஸ் குண்டு ஈயத்தை நூலில் கோர்த்து, 3/0 அகலவாய்க் கொக்கியைக் கட்டுங்கள். முனையைப் புழுவின் தலையில் அரைச் சென்றிமீற்றர் ஏற்றிப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, கொக்கிக் கண்ணுக்குக் கீழே இருக்கும் வளைவு வரை தலையைத் தள்ளி, கொக்கியைத் திருப்புங்கள். பிறகு முனை உடம்பை எங்கே தொடும் என்று பிடித்துப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் ஊடுருவக் குத்தி, முனையை மட்டும் தோலுக்குள் மறையுங்கள். தூக்கிப் பிடித்தால் புழு நேராகத் தொங்க வேண்டும். கோணலாக இருந்தால் இழுக்கும்போது சுழலும், நூல் முறுக்கேறும், மீனும் தொடாது. இந்த ரிக்கில் கொக்கி ஏற பலமான இழுப்பு வேண்டும், ஏனென்றால் முனை முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்துத்தான் வாயில் ஏறுகிறது. பேர்ச்சுக்குப் பழகிய மென்மையான கை இங்கே உதவாது.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அல்லி இலையும் பாசிப் படலமும் தண்ணீரை மூடிவிடும். வெயில் ஏற ஏறப் பெரிய லார்ஜ்மவுத் அந்த நிழலுக்குள் போகும். அங்கே ரப்பர் தவளை. கொக்கிகள் மேலே உடம்போடு ஒட்டியிருப்பதால் இலையில் மாட்டாது. இலை மேல் இழுத்து, இடைவெளி வந்ததும் நிறுத்தி இரண்டு துடிப்புக் கொடுங்கள். தண்ணீர் வெடித்து மீன் பாயும் அந்தக் கணத்தில் எல்லோர் கையும் தானாக இழுத்துவிடும். தவளை முகத்துக்கு நேரே பறந்து வரும். சத்தத்துக்கு இழுக்காமல், மனதுக்குள் “ஒன்று, இரண்டு” எண்ணி, நூலில் பாரம் தெரிந்த பிறகு இழுங்கள். இதற்கு 50 பவுண்ட் பிரெய்டும் (பின்னல் நூல்) கனமான தடியும் தேவை. கொக்கியில் ஏறின பாஸ் பாசிக்குள் தலையைச் செருகினால் மெல்லிய நூலால் அதைப் பெயர்க்க முடியாது. ஆகவே தவளையை இரண்டாம் வருடத்துக்கு விடலாம்.

ஸ்மோல்மவுத் விஷயத்தில் இன்றைய சிம்கோவைப் புரிந்துகொள்ள கோபி என்ற சின்ன மீனைப் பற்றித் தெரிய வேண்டும். கருங்கடல் பக்கத்து மீன். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் எடைநீரோடு வந்தது. பேரேரிப் பகுதியில் முதலில் கண்டது 1990இல், செயின்ற் கிளேயர் ஆற்றில். பிறகு சிம்கோவுக்கும் வந்தது. இப்போது ஸ்மோல்மவுத்தும் பேர்ச்சும் அதை நிறையத் தின்கின்றன. கோபிக்குக் காற்றுப்பை கிடையாது. நடுத்தண்ணீரில் நிற்க முடியாது. அடியில் குந்தியிருந்து, சின்னதாக ஓடி, மறுபடி குந்தும். அதனால் 3.5 அங்குலப் பழுப்புப்பச்சை டியூபுக்குள் (உள்ளே வெறுமையான குழாய் வடிவ மென்பிளாஸ்டிக்) 1/4 அவுன்ஸ் ஜிக் தலை வைத்து, கல்லுக்கு மேல் இழுத்துக்கொண்டு வருவதுதான் இங்கே சரியான முறை. ஒரு சாண் இழுப்பு, நிறுத்தம், மறுபடி ஒரு சாண். ஒரு முழம் துள்ள விட்டால் அது கோபி மாதிரி இருக்காது. உயிருள்ள கோபி கையில் வந்தால் ஏரியில் திரும்ப விடக் கூடாது, இரையாகவும் வைக்கக் கூடாது.

டியூப் கல்லில் மாட்டிக்கொண்டே இருந்தால் நெட் ரிக் பாருங்கள்: காளான் வடிவத் தலை, 1/10 முதல் 1/6 அவுன்ஸ், 2.75 அங்குல மிதக்கும் பிளாஸ்டிக். அடியில் தலை படுத்திருக்க வால் மேலே நிமிர்ந்து நிற்கும். இதைப் பெரிய பேர்ச்சும் எடுக்கும். இரண்டு மீனையும் ஒரே நாளில் தேடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான லூர் இல்லை.

இதுவரை சொன்னவை மெதுவான லூர்கள். மீன் எங்கே என்று தெரியாதபோது தேடுவதற்கு ஓடுகிற லூர் வேண்டும். ஃபின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா 1936இல் கார்க்கைச் செதுக்கி முதல் லூரைச் செய்ததே, பெரிய மீன்கள் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் குஞ்சைத்தான் குறிவைக்கின்றன என்று கவனித்ததால்தான். லூர் தள்ளாடுகிறதா, சுழல்கிறதா என்பது முக்கியம். முதல் எறிதலுக்கு முன் படகோரத்தில் இரண்டு மீற்றர் இழுத்துப் பாருங்கள். கிராங்க்பெய்ற் (மீன் உருவக் கட்டி லூர்) ஒரு பக்கமாக ஓடினால், நூல் கட்டும் கண்ணை எதிர்ப்பக்கமாக, குறட்டால் மிக மிகக் கொஞ்சம் வளைத்து மறுபடி பாருங்கள். அதன் முன்னால் நீட்டியிருக்கும் நாக்கு நீளமென்றால் ஆழம் போகும், குட்டையென்றால் மேலே ஓடும். நூல் மெல்லிதானால் இன்னும் ஆழம் போகும்.

ஸ்பின்னர்பெய்ற்றில் (வளைந்த கம்பியில் தகடு சுழலும் லூர்) 3/8 அவுன்ஸ் ஒன்று போதும். வட்டத் தகடு அதிர்வு கூடியது, மெதுவாக இழுக்கலாம், கலங்கல் தண்ணீருக்கு. நீளத் தகடு மினுக்கம் கூடியது, விரைவாக ஓடும், தெளிந்த தண்ணீருக்கு. கொக்கி இருக்கும் அதே நேர்க்கம்பியில் தகடு சுழலும் சின்ன ஸ்பின்னர் 1ஆம் இலக்கம் பேர்ச்சுக்கும் பாஸுக்கும் நல்லது. அதற்கு மட்டும் ஒரு சின்னச் சுழலி போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் நூல் முறுக்கேறிவிடும். மற்ற லூர்களுக்குச் சுழலி, பெரிய கிளிப், கம்பி எதுவும் வேண்டாம், அசைவைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றையும் ஆளுவது தண்ணீரின் சூடு. 10 பாகை செல்சியஸுக்குக் கீழே மீனின் உடம்பே மெதுவாக இயங்கும். லூரை அசைப்பதைவிட நிறுத்தி வைப்பதே அதிகமாக இருக்க வேண்டும். ஒக்ரோபர் கடைசியில், நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கக்கூடிய 10 சென்றிமீற்றர் ஜேர்க்பெய்ற்றை (ஒல்லியான மீன் உருவ லூர்) இரண்டு தட்டுத் தட்டி, பத்து வினாடி விட்டுவைத்தால் பெரிய ஸ்மோல்மவுத் வரும். அந்தப் பத்து வினாடி பொறுக்க முடியாமல் மூன்றில் இழுத்துவிடுவதுதான் வழமையான பிழை. 10 முதல் 18 பாகை வரை நடுத்தரம். அதற்கு மேல் ஓடுகிற லூரும் மேல்தண்ணீர் லூரும் வேலை செய்யும்.

நிறத்தைக் கடைசிக்கு வைத்தேன். தெளிந்த தண்ணீருக்குப் பழுப்புப்பச்சை, கலங்கலுக்குக் கறுப்பும் பளிச்சென்ற மஞ்சள்பச்சையும், பேர்ச்சுக்கு வெள்ளையும் வெள்ளியும். சிவப்புத்தான் ஆழத்தில் முதலில் மங்கும். 8 மீற்றரில் சிவப்பு லூர் கருமையாகத்தான் தெரியும்.

ஒரே தடி என்றால் 6 அடி 6 அங்குலம், மீடியம்-லைட், நுனி விரைவாக வளைவது, 2500 அளவு ரீல். 10 பவுண்ட் பிரெய்ட் சுற்றி, முன்னால் 1.5 மீற்றர் ஃபுளோரோகார்பன் நூல்: பேர்ச்சுக்கு 6 பவுண்ட், பாஸுக்கு 8. இரண்டையும் இரட்டை யூனி முடிச்சால் இணையுங்கள், பிரெய்ட் பக்கம் எட்டுச் சுற்று, மற்றப் பக்கம் ஐந்து. தடியில் கைப்பிடிக்கு மேலே லூர் எடை அளவு அச்சடித்திருக்கும். 1/4 அவுன்ஸில் தொடங்கும் தடியால் 1/16 ஜிக்கை எறிந்தால் பத்து அடி தாண்டாது. அது உங்கள் கையின் பிழை அல்ல.

சட்டத்தில் இரண்டு மூன்று விஷயம். 18 முதல் 64 வயது வரை அவுட்டோர்ஸ் கார்ட்டும் (மாகாணத்தின் மீன்பிடி, வேட்டை அட்டை) லைசன்ஸும் வேண்டும். சிம்கோவிலும் கவார்தாவிலும் முழு லைசன்ஸுக்குப் பேர்ச் 50, பாஸ் 6 வரை வைத்திருக்கலாம். கன்சர்வேஷன் லைசன்ஸுக்கு 25, 2. பாஸ் சீசன் தெற்கில் பெரும்பாலும் ஜூன் பின்பாதியில் ஒரு சனிக்கிழமை திறக்கும், திகதி மீன்பிடி மண்டலத்துக்கு மண்டலம் வேறுபடும். அந்த வருடத்து மீன்பிடிச் சட்டச் சுருக்கப் புத்தகத்தைப் பாருங்கள். அதற்கு முன், பிடித்து விடுவதற்காகக்கூடப் பாஸைத் தேடி எறிய வேண்டாம். அந்த நேரம் ஆண் பாஸ் முட்டைக்குக் காவல் நிற்கும். அதை இரண்டு நிமிடம் மேலே எடுத்தாலே பேர்ச்சும் கோபியும் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும்.

பேர்ச்சை 9, 10 மீற்றருக்குக் கீழிருந்து எடுத்தால் காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி மிதக்கும். விட்டாலும் கீழே போகாது. அந்த ஆழத்தில் பிடிப்பதைச் சமையலுக்கு எடுங்கள், வேண்டிய அளவு சேர்ந்ததும் நிறுத்துங்கள். திருப்பி விட விரும்பினால் ஆழம் குறைந்த இடத்தில் பிடியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. நெட் ரிக்கின் மிதக்கும் பிளாஸ்டிக்கைக் குச்சிப்புழு, டியூப் எதனோடும் ஒரே அறைக்குள் போடாதீர்கள். இரண்டும் வேறு வேறு வகைப் பிளாஸ்டிக். ஒட்டிக் கிடந்தால் உருகிப் பசையாகிவிடும், பெட்டியையும் சேர்த்து எறிய வேண்டி வரும். அதை வந்த பக்கற்றிலேயே வையுங்கள். கொக்கி வைத்த லூர்களின் பெட்டியை ஓர் இரவு திறந்து காயவிட்டுவிட்டு மூடுங்கள்.